ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் முன்பக்க சஸ்பென்ஷன்: தொல்லையைப் பார்த்துப் பாகம் தேடுவது எப்படி

பெங்களூரில் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் வைத்திருப்பவர்களிடம் பேசினால் "பார்ட்ஸே கிடைக்கறதில்லைங்க" என்பதுதான் முதல் பேச்சாக வரும். எந்தப் பாகம் போயிருக்கிறது என்று கேட்டால், "முன்னாடி தட்டுது" என்பார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, கார் பாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். இந்தக் காரின் முன்பக்கத்தில் தேய்கிற பாகங்களில் பெரும்பாலானவை இந்த ஊரிலேயே கிடைக்கும், இல்லாவிட்டால் இங்கேயே செய்துகொள்ளலாம். ஒரே ஒரு ஜோடிக்குத்தான் வெளியே கை நீட்ட வேண்டும். எது எது என்று பிரித்துத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் குறிப்பு.

இங்கிலாந்தில் 1959-இல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டை, ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961-இலிருந்து மெட்ராஸில் செய்து விற்றது. அடுத்து வந்த ஸ்டாண்டர்ட் கெஸல் காரும் இதே வழியில் பிறந்ததுதான். முன்பக்கத்தின் அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒரு விஷ்போன் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் முக்கோண வடிவக் கை), கீழே ஒரு விஷ்போன். நடுவில் காயில் ஸ்பிரிங், அதற்குள் ஷாக் அப்சார்பர். இரண்டு விஷ்போனையும் இணைத்து நிற்கும் எஃகுத் தூண்தான் வெர்ட்டிகல் லிங்க். அதன் மேல்முனை ஒரு பால் ஜாயின்ட்டில், அதாவது குண்டு மூட்டில், உட்காரும். கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது ட்ரன்னியன் என்ற பித்தளை நிற வார்ப்புக்குள் திருகி இறங்கும். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் தூண் இந்த மரைக்குள்தான் சுழல்கிறது. வண்டியின் முன்பாதி எடை, பள்ளத்தின் அடி, வளைவின் இழுப்பு எல்லாம் இந்த ஒரு இடத்தின் வழியாகத்தான் போகிறது.

நமக்கு நல்ல காலம், ஸ்பிட்ஃபயர், விட்டெஸ், ஜிடி6 ஆகிய ட்ரையம்ப் கார்களின் முன்பக்கமும் இதே குடும்பம். லோட்டஸ் எலானும் இதே தூணையும் ட்ரன்னியனையும் எடுத்துக்கொண்டது. அந்தக் கார்களை இன்றைக்கும் பலர் ஓட்டுவதால் இங்கிலாந்தில் புதுப் பாகங்கள் வார்க்கப்பட்டு வருகின்றன. அம்பாசடர்காரருக்குக் கிடைக்கிற உள்ளூர் வசதி நமக்கு இல்லை, ஆனால் அவருக்கு இல்லாத இந்த வசதி நமக்கு உண்டு.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு விஷயம். ஹெரால்டின் பானெட் முன்மூக்கோடு சேர்த்து முழுசாக முன்னால் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம், எல்லாம் கண்ணுக்கு நேரே தெரியும். அதனால் மெக்கானிக் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் நீங்களே பார்த்துவிட முடியும். ஆனால் வண்டியைத் தூக்கினால் ஸ்டாண்டு கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல் அடுக்கியோ அடியில் கை வைக்காதீர்கள். இரண்டாவது, இதில் இருப்பதெல்லாம் இன்ச் போல்ட்டு. அரை இன்ச் தலைக்கு 13 ஸ்பேனர் ஓரளவு உட்காரும், ஒன்பது பதினாறு (9/16 இன்ச்) தலைக்குப் பொருத்தமான மில்லிமீட்டர் ஸ்பேனர் கிடையாது, வழுக்கித் தலையை உருட்டிவிடும். இன்ச் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிவிடுங்கள்.

ஸ்டியரிங் கனக்கிறது, திருப்பிவிட்ட பின் தானாக நேராவதில்லை

எல்லாத் தொல்லையிலும் இதைத்தான் முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் உயிருக்கு ஆபத்தானது இதுதான்.

டயரில் காற்று குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் முன்பக்கம் இரண்டையும் தூக்கி, சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராட் எண்ட் இரண்டையும் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பாருங்கள். சுலபமாக, ஒரே சீராகத் திரும்ப வேண்டும். இரண்டு சக்கரமும் இப்படித் திரும்பிவிட்டால் கோளாறு ரேக்கிலோ (சக்கரங்களை இடம் வலமாகத் தள்ளும் பல் தண்டு) ஸ்டியரிங் தண்டிலோ இருக்கிறது. ஒரு பக்கம் இறுகி நின்றாலோ, பாதி வழியில் பிடித்துப் பிடித்து விட்டாலோ ட்ரன்னியன் காய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காய்வதற்குக் காரணம் பெரும்பாலும் கிரீஸ்தான். ட்ரன்னியனுக்குக் கொடுக்க வேண்டியது கியர் ஆயில், ஈ.பி. 90. கம்பெனி புத்தகமே அப்படித்தான் சொல்கிறது, 6,000 மைலுக்கு ஒரு முறை. பட்டறையில் பழக்கதோஷத்தில் கிரீஸ் கன்னை வைத்து அமுக்கிவிடுவார்கள். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது, நாளாவட்டத்தில் கட்டியாகி வழியையும் அடைத்துவிடும். மேலே இருக்கும் ரப்பர் சீல் வழியாக மழைத்தண்ணீர் புகுந்து அடியில் தங்கும். எஃகுத் தூண் துருப்பிடித்து ட்ரன்னியனோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் மரை சுழலாமல் தூணே முறுக்கப்படும். கடைசியில் மரை தொடங்கும் இடத்தில் ஒடியும். வண்டியைப் பார்க்கிங்கில் நுழைக்கும்போதோ யு-டர்ன் அடிக்கும்போதோ ஒடிந்தால் சக்கரம் மடங்கி மட்கார்டுக்குள் போவதோடு நிற்கும். ஹோசூர் ரோட்டில் அறுபதில் போகும்போது ஒடிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஹெரால்டின் பெருமையே 25 அடி வட்டத்துக்குள் திரும்புவதுதான். சக்கரம் அவ்வளவு தூரம் திரும்புவதால் இந்த மரைக்கும் மற்ற கார்களைவிட வேலை அதிகம். சிவாஜிநகர் சந்துகளில் ஓட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

செய்ய வேண்டியது: ட்ரன்னியன் பக்கவாட்டில் ஒரு சிறு பிளக் இருக்கும். அதைக் கழற்றி அங்கே நிப்பிள் மாட்டி, காலி செய்து கழுவிய கிரீஸ் கன்னில் 90 ஆயிலை நிரப்பி அடியுங்கள். சக்கரம் அந்தரத்தில் இருக்கட்டும், ஒருவர் ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்கட்டும். முதலில் மேல்சீல் ஓரமாகக் கறுப்பாகக் கட்டி கட்டியாக வரும். துருத்தண்ணீர் நின்றிருந்தால் செங்காவி நிறத்தில் நீர்த்து வரும். ஆயில் தெளிவாக வழியும்வரை விடாமல் அடியுங்கள். அடித்த ஆயில் மறுநாளே தரையில் சொட்டியிருந்தால் ட்ரன்னியன் அடியிலுள்ள மூடி தளர்ந்திருக்கிறது.

செங்காவி வந்திருந்தால் ஆயில் அடித்ததோடு விட்டுவிடக் கூடாது. தூணைக் கழற்றியே ஆக வேண்டும். ட்ரன்னியனைத் திருகி எடுத்து, மரையை மண்ணெண்ணெயில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். துரு தின்ற குழிகள் தெரிந்தால் அந்தத் தூணைத் தூக்கிப் போடுங்கள். குழி இல்லாவிட்டாலும் விரிசல் சோதனை செய்யாமல் மாட்டாதீர்கள். பீனியாவில் இதைச் செய்துதரும் இடங்கள் உண்டு. சிவப்புச் சாயத்தை அடித்து, ஊறவிட்டு, துடைத்துவிட்டு மேலே வெள்ளைப் பவுடரைத் தெளிப்பார்கள். விரிசல் இருந்தால் வெள்ளைமேல் தலைமுடி போல ஒரு சிவப்புக் கோடு ஊறி வரும். கண்ணால் பார்த்தபோது பளபளவென்று இருந்த தூணில்கூட வரும்.

இந்தத் தூணையும் ட்ரன்னியனையும்தான் நான் வெளியே கை நீட்ட வேண்டிய ஜோடி என்றது. பெங்களூரில் எதையும் லேத்தில் கடைந்து கொடுக்கும் கைகாரர்கள் இருக்கிறார்கள், அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் தூண் என்பது அச்சில் அடித்து உருவாக்கிய எஃகு. கம்பியில் கடைந்ததும், வெல்டு வைத்து மரை வெட்டியதும் அதற்கு ஈடாகாது. ட்ரன்னியனையும் நல்ல வெண்கலத்தில் கடையலாம்தான். ஆனால் மரையின் இறுக்கம் கொஞ்சம் பிசகினாலும் தொல்லை, உலோகம் என்ன கலவை என்பதும் கடைசிவரை தெரியாது. இந்த இரண்டை மட்டும் இங்கிலாந்திலிருந்து புதிதாக வரவழையுங்கள். சுங்கவரியும் கூரியரும் சேர்ந்தாலும், இதில் மிச்சம் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஆர்டர் போடும்போது கவனம்: ஒரு பக்கத்துக்கு வலது மரை, மறுபக்கத்துக்கு இடது மரை. மாற்றி மாட்ட முடியாது. நம் ஊர் ஹெரால்டின் முன்பக்கம் டிரம் பிரேக். ஸ்பிட்ஃபயர் தூண் டிஸ்க் பிரேக்குக்கானது. அதனால் தூண் வாங்கும்போது டிரம் பிரேக் வண்டி என்று தெளிவாகச் சொல்லிக் கேட்டு, உங்கள் தூணின் போட்டோவையும் அனுப்புங்கள். ட்ரன்னியனும் அதன் புஷ் (போல்ட்டைச் சுற்றி உட்காரும் சிறு குழாய்) கிட்டும் இந்தக் கார்களுக்கெல்லாம் பொது என்பதால் அங்கே சிக்கல் இல்லை.

மாட்டும்போது ட்ரன்னியனை முழுக்கத் திருகி இறுக்கியபடியே விடக் கூடாது. இரு கோடிக்கும் தடையில்லாமல் சுழலும் அளவுக்குப் பின்வாங்கி வைக்க வேண்டும். வண்டியை இறக்கும் முன் ஆயில் நிரப்ப வேண்டும்.

பள்ளத்தில் இறங்கும்போது "டொக்" என்று தட்டுகிறது

இதற்குக் காரணம் நாலைந்து இருக்கலாம், எல்லாம் விலை குறைந்த பாகங்கள். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வரலாம்.

சக்கரத்தைத் தூக்கி, மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் உள்ளே ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் மேலே பால் ஜாயின்ட் அல்லது கீழே ட்ரன்னியன் புஷ். எது என்று அறிய, ஆட்டும்போது இன்னொருவர் இரண்டு இடத்திலும் விரலை வைத்துப் பார்த்தாலே போதும், தட்டுவது விரலில் தெரியும். அடுத்து டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மேலே நெம்புங்கள். தூண் ட்ரன்னியனுக்குள் மேலும் கீழும் நகர்ந்தால் மரையே தேய்ந்துவிட்டது, மேலே சொன்ன வைத்தியம்தான்.

ட்ரன்னியனைக் கீழ் விஷ்போனோடு இணைக்கும் போல்ட்டில் நைலான் புஷ்ஷும் எஃகுக் குழாயும் தூசி தடுக்கும் வாஷரும் இருக்கும். நைலான் தேய்வது சகஜம். பெரும்பாலான "டொக்" இங்கேதான். இறக்குமதிக் கிட்டில் எல்லாம் சேர்ந்தே வரும். அவசரத்துக்கு நைலான் கம்பியில் லேத்தில் கடைந்து போட்டாலும் தாங்கும். அந்த போல்ட்டு துருப்பிடித்து எஃகுக் குழாயோடு ஒட்டியிருந்தால் சுத்தியலால் மொத்தாதீர்கள், விஷ்போன் வளையும். போல்ட்டை அறுத்து எடுத்துவிட்டுப் புதுசு போடுவதுதான் மரியாதை. போல்ட்டு வாங்கும்போது கிரேடு பார்த்து வாங்குங்கள். எஸ்.பி. ரோடு பக்கம் நட்டு போல்ட்டு கடைகளில் பழைய போல்ட்டைக் காட்டினால் யு.என்.எஃப். என்ற இன்ச் மரையில் தேடித் தருவார்கள். கிட்டத்தட்ட உட்காருகிற மில்லிமீட்டர் போல்ட்டை அடித்து நுழைத்திருக்கும் வண்டிகளைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

விஷ்போனின் உள்முனை ரப்பர் புஷ், வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் ஆன்ட்டி-ரோல் பாரின் ரப்பர், ஷாக்கின் அடிக்கண் ரப்பர் எல்லாவற்றையும் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தே சொல்லிவிடலாம். வெடித்திருந்தால், உள்குழாய் ஓரமாக ஒதுங்கியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். இதற்கெல்லாம் ஜே.சி. ரோட்டில் மாதிரியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கார் பெயரைச் சொல்லிக் கேட்டால், "ஹெரால்டா? அதெல்லாம் எப்பவோ போயிடுச்சு சார்" என்று அடுத்த ஆளைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அதே ஆளிடம் புஷ்ஷைக் கையில் கொடுத்து, உள்விட்டம், வெளிவிட்டம், நீளம் மூன்றையும் எழுதிக் கொடுத்தால், ஏணியை இழுத்துப்போட்டு மேல்தட்டில் தேடுவார். வேறு ஏதோ வண்டியின் புஷ் அதே அளவில் இருக்கும், அல்லது நீளத்தை மட்டும் கொஞ்சம் அறுத்தால் சரியாகிவிடும்.

பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நீண்ட நாள் உழைக்கும், ஆனால் ரோட்டின் ஒவ்வொரு கல்லையும் ஸ்டியரிங்கில் சொல்லும். நம் ஊர் ரோட்டுக்கு ரப்பர்தான் என் தேர்வு. ரப்பர் போட்டால் விஷ்போன் நட்டுகளைக் கடைசியாக இறுக்குவது சக்கரம் தரையில் நின்று, வண்டியின் எடை உட்கார்ந்த பிறகுதான். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரமே கிழியும்.

நேர் ரோட்டில் அலைகிறது, ஸ்டியரிங்கில் வெறும் ஆட்டம்

எஞ்சின் நின்றிருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சமாக ஆட்டட்டும். நீங்கள் பானெட்டைச் சாய்த்து ரேக்கையே பாருங்கள். ரேக்கின் உடம்பு சட்டத்தின் மேல் பக்கவாட்டில் நகர்ந்தால் அதைப் பிடித்திருக்கும் ரப்பர் போய்விட்டது. எஞ்சின் ஆயில் ஒழுகும் வண்டிகளில் இந்த ரப்பர் ஊறிக் கூழாகியிருக்கும். முதலில் ஒழுகலை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் புதுசும் அதே கதிதான். ரேக் அசையாமல் டை ராட் எண்ட் மட்டும் துள்ளினால் அதை மாற்றுங்கள். மாதிரி கொண்டுபோகும்போது மரையோடு கூம்பின் அளவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கூம்பு பாதிவரை மட்டும் உட்காருகிற டை ராட் எண்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது ஒரு நாள் கழன்றுவிடும்.

வேகத்தில் மட்டும் நடுக்கம் என்றால் சஸ்பென்ஷனைத் தொடுமுன் சக்கரத்தை பேலன்ஸ் செய்து பாருங்கள்.

ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறது

முன்னால் தாழ்ந்திருப்பதாலேயே முன் ஸ்பிரிங் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஹெரால்டின் பின்பக்கம் குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். அது சாய்ந்தால் வண்டி முழுக்கச் சாயும். முன் குறுக்குச் சட்டத்தின் சரியான நடுவில் டிராலி ஜாக்கியைக் கொடுத்து, சக்கரம் தரையை விடும்வரை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். இப்போதும் உடம்பு சாய்ந்தே இருந்தால் குற்றம் பின்னால். நேராகிவிட்டால் முன் ஸ்பிரிங்.

ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே யூனிட்டாகக் கழன்று வரும். மேலே மூன்று நட்டு, கீழே விஷ்போனில் ஒரு போல்ட்டு. அதைப் பிரிக்க ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டும். கயிறு கட்டிப் பிரிப்பது, நடு நட்டை அப்படியே கழற்றுவது எல்லாம் முகத்தைக் கிழித்துவிடும். கம்ப்ரஸர் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். புது ஸ்பிரிங்கை மாதிரி பார்த்துச் சுற்றித் தருவார்கள். கம்பியின் கனம், வெளிவிட்டம், சுற்று எண்ணிக்கை இவற்றைப் பழையதில் அளக்கலாம். ஆனால் சுமையில்லாத நீளத்தைத் தாழ்ந்துபோன ஸ்பிரிங்கில் அளந்து கொடுத்தால் புதுசும் தாழ்ந்தே வரும். நன்றாக நிற்கும் மறுபக்கத்து ஸ்பிரிங்கை அளந்து கொடுங்கள், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்கிறது

முதலில் அலைன்மென்ட். சக்கரங்கள் முன்பக்கம் சைபரிலிருந்து ஒன்றரை மி.மீ. வரை உள்நோக்கி இருக்கலாம். அது சரியாக இருந்தும் தேய்ந்தால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கிறது. கீழ் விஷ்போன் பிராக்கெட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மெல்லிய தகடுகள் இருக்கும். அதை எடுத்தால் சக்கரத்தின் அடி உள்ளே வரும், சாய்வு (கேம்பர்) குறையும். அலைன்மென்ட் சென்டரில் இருக்கும் பையன்களுக்கு இந்தத் தகடு தெரிந்திருக்காது, "இதுல கேம்பர் அட்ஜஸ்ட்மென்ட் இல்ல சார்" என்பார்கள். நீங்களே குனிந்து காட்டுங்கள். காட்டும்போது பிராக்கெட் உட்காரும் சட்டத்தையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். இரும்பு பொருக்காக உதிர்ந்தால் தகட்டைப் பற்றிய கவலையை விட்டுவிட்டுச் சட்ட வேலைக்கு ஆள் தேடுங்கள்.

வேகம் கூடக் கூட ஊளையிடுகிறது

வீல் பேரிங். எல்லாவற்றிலும் சுலபமானது. பேரிங்கைக் கழுவினால் உள்வளையத்திலும் வெளிவளையத்திலும் தனித்தனி எண் பொறித்திருக்கும். இரண்டையும் எழுதிக்கொண்டு எந்த பேரிங் கடைக்கும் போகலாம், கார் பெயரே தேவையில்லை. உள்பக்க ஃபெல்ட் சீலை நல்ல ஃபெல்ட்டில் வெட்டிக்கொண்டால் போதும். மாட்டும்போது நட்டை லேசாக இறுக்கி, பிறகு நட்டின் ஒரு பட்டை முகம் அளவு தளர்த்தி ஸ்ப்ளிட் பின் போடுங்கள். இறுக்கியே விட்டால் பேரிங் சூடாகிப் போகும்.

பழைய ஸ்டாக் வாங்கும்போது

சிவாஜிநகர் குஜ்ரி என்ற பழைய பாகச் சந்தையில் தமிழிலேயே பேசி வாங்கலாம். "என்னண்ணா தேடுறீங்க" என்று கேட்டால் போட்டோவைக் காட்டுங்கள், பெயர் சொன்னால் வேறு எதையோ எடுத்து வருவார்கள். அங்கே விஷ்போன், ஹப், ரேக், பிராக்கெட் போன்றவற்றை நம்பி வாங்கலாம். நேராக இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பயன்படுத்திய தூணும் ட்ரன்னியனும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

வண்டி பிறந்த ஊர் சென்னை என்பதால் பெட்டி பிரிக்காத பழைய சரக்கு அங்கேதான் அதிகம் தேறும். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் தெரிந்தவர் யாராவது இருந்தால் மாதிரிப் போட்டோவை, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுத்து அனுப்புங்கள். எந்தப் பக்கம், இடதா வலதா என்பதைப் போட்டோவிலேயே எழுதிவிடுங்கள். இரவு பஸ்ஸில் பார்சல் போட்டால் காலையில் கலாசிபாளையத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பெட்டியில் இருப்பது இரும்பா ரப்பரா என்று பாருங்கள். ஐம்பது வருஷம் பெட்டிக்குள் இருந்த இரும்பை கிரீஸ் துடைத்துவிட்டு மாட்டலாம். அதே வயதான ரப்பர் புஷ்ஷை நகத்தால் அழுத்தினால் தடம் பதியாது, வளைத்தால் மேல்தோல் வெடிக்கும். அதை வாங்காமல் ஜே.சி. ரோட்டுக்கே போங்கள்.